நடக்க முடியாத கதை ஏன் நம் கதையாகிறது?

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் கேட்ட கேள்வி இது: "எனக்கு மிகவும் பிடித்த நாவலில் நடப்பது எதுவும் நிஜத்தில் நடக்காது. பூனை கதைக்கிறது, வானத்திலிருந்து மீன் கொட்டுகிறது. ஆனாலும் வாசித்து முடித்தபோது என்னைப் பற்றி யாரோ ஒளிந்திருந்து எழுதிய மாதிரி இருந்தது. கூட வேலை செய்கிறவருக்கு அதைக் கொடுத்தேன். 'ஒண்டும் விளங்கேல்லை' என்று மூன்றாம் நாளே திருப்பித் தந்துவிட்டார். எனக்குத் தோன்றியது புத்தகத்தில் இருப்பதா, நானாக ஏற்றிக்கொண்டதா?"

இரண்டும்தான். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டு எழும்பிப் போவது நியாயமில்லை. எவ்வளவு புத்தகத்துடையது, எவ்வளவு உங்களுடையது என்று ஓரளவு பிரித்துக் காட்டலாம். அப்படிப் பிரித்தால், வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் தலைகீழாகிவிடும். "இந்த மாதிரி நாவல்கள் தெளிவில்லாமல் இருக்கும், அதனால் யாரும் எதையும் நினைத்துக்கொள்ளலாம்" என்பார்கள். தெளிவில்லாத புத்தகம் எவரையும் பிடித்து வைப்பதில்லை. பிடித்து வைக்கிற புத்தகம் அநியாயத்துக்குத் துல்லியமாக இருக்கும். ஒன்றை மட்டும் அது சொல்லாது: ஏன் இப்படி நடந்தது என்பதை.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நடக்க முடியாதது நடக்கிற இப்படியான கதைகளைப் பொதுவாகச் 'சர்ரியல்' என்பார்கள். சர்ரியலிசத்துக்கு 1924இல் அறிக்கை எழுதிய பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் அதே அறிக்கையில் நாவல் என்ற வடிவத்தையே கேலி செய்தார். கண்டிப்பாகப் பார்த்தால் 'சர்ரியல் நாவல்' என்பதே முரண்தான். மீயதார்த்தம், மாய யதார்த்தம், அபத்தம் என்று விமர்சகர்கள் தனித்தனிப் பெட்டி வைத்திருக்கிறார்கள். உங்கள் கேள்விக்கு அந்தப் பாகுபாடு தேவைப்படாது. எல்லாவற்றையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்காவின் 'உருமாற்றம்' என்ற குறுநாவல் நல்ல உதாரணம். 1912 கடைசியில் எழுதப்பட்டு 1915இல் வெளிவந்தது. எண்பது நூறு பக்கத்துக்குள் முடிந்துவிடும். ஒருவன் காலையில் கண் விழிக்கும்போது அருவருப்பான ஒரு பெரிய பூச்சியாக மாறியிருக்கிறான். முதல் வசனத்திலேயே அது நடந்து முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு கடைசிப் பக்கம் வரை நடக்க முடியாதது வேறெதுவும் நடப்பதில்லை. சந்தேகமென்றால் எண்ணிப் பாருங்கள். மற்றதெல்லாம் கணக்கு வழக்கு. அலாரம் நாலு மணிக்கு வைத்தது, இப்போது ஆறரை. ஐந்து மணி ரயில் போய்விட்டது, அடுத்தது ஏழுக்கு. ஊர் ஊராக விற்கக் கொண்டுபோகும் துணி மாதிரிகள் இன்னும் கட்டி வைக்கப்படவில்லை. ஐந்து வருட வேலையில் ஒருநாளும் சுகவீன லீவு போட்டதில்லை. தாய் தகப்பனின் கடன் அடைபட இன்னும் ஐந்தாறு வருடம் வேண்டும். தன் உடம்புக்கு என்ன நடந்தது என்பதைவிட, கந்தோரிலிருந்து ஆள் வந்துவிடுமே என்பதில்தான் கிரெகோர் சம்சாவுக்குப் பயம். ஏழு பத்துக்கெல்லாம் கதவு மணி அடிக்கிறது. ஆள் வந்துவிட்டது.

எழுதியவர் 1908 முதல் பிராக் நகரத்தில் தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனமொன்றில் வேலை செய்தவர். மரம் சீவும் மெஷினில் விரல் எப்படிச் சிக்கும் என்று அறிக்கை எழுதிய கை அது. பூச்சியின் கால்களைப் பற்றி எழுதும்போதும் அதே கைதான் எழுதுகிறது.

கொலம்பிய நாவலாசிரியர் மார்க்வெஸ் இதையே ஒரு பேட்டியில் யானையை வைத்துச் சொன்னார். வானத்தில் யானைகள் பறக்கின்றன என்றால் யாரும் நம்பமாட்டார்கள், 425 யானைகள் பறக்கின்றன என்றால் நம்பக்கூடும் என்று. அவருடைய 'தனிமையின் நூறு ஆண்டுக'ளில் மழை "பல வருடங்கள்" பெய்வதில்லை. நான்கு வருடம், பதினொரு மாதம், இரண்டு நாள் பெய்கிறது. அந்த இரண்டு நாள்தான் வேலையைச் செய்கிறது. யாரோ ஒருவர் யன்னலோரம் இருந்து நாள் எண்ணியிருக்கிறார் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. முகாமில் இருந்த நாள், தடுப்பில் இருந்த நாள், விசாவுக்குக் காத்திருந்த நாள் என்று எண்ணிப் பழகிய வீடுகளில் அந்த எண் ஒரு வேடிக்கையாக மட்டும் வாசிக்கப்படாது.

இனி அந்த 'ஏன்'. கிரெகோர் ஏன் பூச்சியானான்? சாபமா, பாவமா, வருத்தமா, கனவா? எங்கேயும் சொல்லப்படவில்லை. வீட்டில் யாரும் அதைக் கேட்பதுகூட இல்லை. தாய் மயங்கி விழுகிறாள், தகப்பன் தடியை எடுக்கிறார், தங்கச்சி சாப்பாடு வைக்கிறாள். "இது எப்படி நடந்தது?" என்று ஒருவர் வாயிலும் வருவதில்லை. காரணம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் கிடக்கிறது. பள்ளத்தைச் சுற்றி எல்லாம் உறுதியான தரை. நடந்து வருகிற வாசகர் அந்தப் பள்ளத்தை நிரப்பாமல் தாண்ட முடியாது. நிரப்ப அவரிடம் இருக்கும் மண் அவருடைய வாழ்க்கை ஒன்றுதான். வருத்தக்காரரை வீட்டில் வைத்துப் பார்த்தவர் வருத்தம் என்று நிரப்புவார். வேலை போனவர் வேலை என்று நிரப்புவார். இருபது வயதில் தான் யாரை விரும்புகிறேன் என்று வீட்டுக்குச் சொன்ன ஒருவருக்கு, அறைக் கதவு சாத்தப்படுகிற அந்தச் சத்தம் வேறு விதமாகக் கேட்கும்.

ஜெர்மானிய விமர்சகர் வொல்ஃப்காங் ஈசர் 1970களில் இதற்கு 'வெற்றிடங்கள்' என்று பெயர் வைத்துக் கோட்பாடாக எழுதினார். தமிழ் வாசகருக்கு அவரிடம் போகத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். தொல்காப்பியத்தில் அகத்திணைக்கு ஒரு விதி இருக்கிறது: "சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்". காதலைப் பாடும்போது தலைவன் இன்னான், தலைவி இன்னாள் என்று பெயர் குறிக்கக்கூடாது. பெயர் வந்தால் அது புறமாகிவிடும். இதில் எவ்வளவு கறார் என்றால், நெடுநல்வாடையில் பெயரே இல்லை, பிரிவில் வாடுகிற ஓர் அரசி இருக்கிறாள், வேலில் வேப்பந்தழை கட்டியிருக்கிறது என்று மட்டும் வருகிறது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. அந்த ஒரு குறிப்பால் ஆளைத் தெரிந்துவிடுகிறது என்று சொல்லி உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பாட்டை அகத்திலிருந்து புறத்துக்குத் தள்ளிவிட்டார்.

பெயர் இல்லை. ஆனால் குறிஞ்சி என்றால் எந்தப் பூ, எந்தப் பொழுது, எந்த மிருகம் என்று எல்லாம் துல்லியமாக இருக்கும். ஆளின் இடம் காலி, சுற்றுப்புறம் முழுமை. காலியான இடத்தில் கேட்கிறவர் போய் நிற்கிறார். காஃப்கா வேறு நாவல்களில் தன் நாயகனின் பெயரை 'க.' என்று ஓர் எழுத்தாகச் சுருக்கினபோது எங்கள் பழைய விதிக்குத்தான், தெரியாமலே, கட்டுப்பட்டார்.

"சரி, அப்படியென்றால் இது வாரபலன் மாதிரித்தானே?" என்று அந்த அலுவலக நண்பர் கேட்கலாம். நியாயமான சந்தேகம். 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் வகுப்பு மாணவர் 39 பேருக்கு "உன் குணாதிசயம்" என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். கடையில் விற்கும் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள், எல்லோருக்கும் ஒரே வரிகள். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்குப் புள்ளி போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. "நீங்கள் வெளியே உறுதியானவர் போலத் தெரிந்தாலும் உள்ளே தயக்கம் உள்ளவர்" என்றால் யாருக்குத்தான் பொருந்தாது?

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஒரு சோதனை செய்யலாம். உங்களைத் தொட்ட இடத்தை எடுத்து, அதில் ஒரு பொருளை மாற்றிப் பாருங்கள். 'உருமாற்ற'த்தில் தகப்பன் மகன்மேல் எறிவது அப்பிள். சாப்பாட்டறை அலுமாரியின் மேல் இருக்கும் பழத்தட்டிலிருந்து அள்ளிச் சட்டைப் பைகளை நிரப்பிக்கொண்டு எறிகிறார். ஒன்று முதுகில் புதைந்து நிற்கிறது. அதை எடுத்துவிட யாரும் துணியவில்லை. அது அங்கேயே கிடந்து அழுகுகிறது, ஒரு மாதத்துக்கு மேல் அவன் அந்தக் காயத்தோடு ஊர்கிறான். இப்போது அப்பிளை எடுத்துவிட்டுக் கல்லை வையுங்கள். தெருவில் நாய்க்கு எறிகிற காட்சியாகிவிடும். அப்பிள் என்றால் அது வீட்டுச் சாப்பாடு. அந்த வீட்டுக்குப் பழம் வாங்கும் காசை அவ்வளவு காலமும் உழைத்துக் கொடுத்தவன்மேல் அதே சாப்பாட்டை எறிகிறார்கள். சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொல்லப்பட்ட ஒரு சொல் வருடக்கணக்காக உள்ளே கிடந்து அழுகுவதை அறிந்தவருக்கு இந்த இடத்தில் குத்தும். பொருளை மாற்றினால் அர்த்தம் கலைகிறது என்றால் அது வாரபலன் இல்லை. மாற்றினாலும் கலையாமல் அதே மாதிரி உங்களைத் தொட்டுக்கொண்டிருந்தால், நீங்களாக ஏற்றிக்கொண்டது அதிகம் என்று அர்த்தம்.

இன்னொரு வித்தியாசம், நல்ல நாவல் உங்களை எதிர்த்துத் தள்ளும். "கிரெகோர் நான்தான்" என்று நினைத்துக்கொண்டு வருகிறவரை முடிவில் கைவிட்டுவிடுகிறது. அவன் செத்த பிறகும் கதை நிற்காமல் போகிறது. தாய், தகப்பன், தங்கச்சி மூன்று பேரும் அன்றைக்கு வேலைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ட்ராமில் ஊருக்கு வெளியே போகிறார்கள். வெயில் அடிக்கிறது. சின்ன வீடாகப் பார்த்து மாறலாம் என்று கதைக்கிறார்கள், மகள் நல்ல வடிவாக வளர்ந்துவிட்டாள் என்று கவனிக்கிறார்கள். வாரபலன் ஒருநாளும் இப்படி ஒரு பக்கத்தைத் தராது.

இதே புத்தகத்தில் தமிழில் வாசிக்கிறவருக்கு மட்டும் கிடைக்கிற ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஜெர்மன் மூலத்தில் அவன் ஆகியது 'உங்கட்சீஃபர்'. அது எந்தப் பூச்சியின் பெயரும் இல்லை. வீட்டில் இருக்கக்கூடாத அசுத்தமான சிறு சீவன்கள் எல்லாவற்றுக்கும் பொதுச்சொல். புத்தகத்தின் அட்டையில் பூச்சியைப் போட்டுவிடுவார்களோ என்று பயந்து 1915 ஒக்டோபரில் காஃப்கா பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார்: பூச்சியை வரையக்கூடாது, தூரத்தில்கூடக் காட்டக்கூடாது. மொழிபெயர்ப்பில் 'கரப்பான்' என்று போட்டவுடன் பள்ளத்தில் பாதி மூடப்பட்டுவிடுகிறது. கொழும்பில் சமையலறை லைட்டைப் போட்டதும் ஓடுகிறதே, அதுதான் என்று மனம் முடிவெடுத்துவிடும். அருவருப்பு மிஞ்சும், மர்மம் போய்விடும். 'பூச்சி' என்று நிறுத்திய மொழிபெயர்ப்பு என்றால் வாங்கலாம்.

இது நட்டம். இலாபம் உயர்திணை, அஃறிணை என்ற பிரிவில் வருகிறது. பூச்சியாகிவிட்டவனைத் தமிழில் 'அவன்' என்பதா, 'அது' என்பதா? 'வந்தான்' என்பதா, 'வந்தது' என்பதா? ஆங்கிலத்தில் வினை மாறாது. தமிழில் ஒவ்வொரு வினைமுற்றும் அவன் மனிதனா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டே போகும். கதைசொல்லி கடைசிவரை அவனை 'அவன்' என்றே சொல்கிறார். வாடகைக்கு இருந்த மூன்று பேரும் அவனைக் கண்டு காசு தரமாட்டோம் என்று சொன்ன இரவில் தங்கச்சி எழும்பி, இந்தப் பிராணியை என் அண்ணனின் பெயரால் கூப்பிட மாட்டேன், அதைத் தொலைக்கப் பார்க்க வேண்டும் என்கிறாள். ஜெர்மனிலும் அவள் அங்கே அஃறிணைக்குத் தாண்டுகிறாள். ஆனால் உயர்திணை, அஃறிணை என்று பள்ளிக்கூடத்தில் முதல் இலக்கணமாகப் படித்த ஒருவருக்கு அந்தத் தாண்டல் கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருக்கும். 'அது கிடக்குது' என்று படுக்கையில் இருக்கிற மாமியைப் பற்றி யாரோ சொல்லக் கேட்ட வீடுகள் இருக்கின்றன. நாட்டில் ஒரு சனத்தை அஃறிணையில் கதைக்கத் தொடங்குகிற காலங்களும் இருந்திருக்கின்றன. உங்களிடம் இருக்கும் மொழிபெயர்ப்பில் அந்தப் பக்கத்தைத் தேடிப் பாருங்கள். முன்பே பல இடங்களில் 'அது' என்று வந்துவிட்டதென்றால் மொழிபெயர்ப்பாளர் அவள் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கிவிட்டார்.

அடுத்தது இடம். எது சர்ரியல் என்பது ஊருக்கு ஊர் மாறும். காஃப்காவின் 'விசாரணை' நாவலில் யோசஃப் க. தன் முப்பதாவது பிறந்தநாள் காலையில் கைது செய்யப்படுகிறான். குற்றம் என்னவென்று கடைசிவரை யாரும் சொல்வதில்லை. வந்தவர்கள் அவனுடைய காலைச் சாப்பாட்டைத் தின்கிறார்கள். கைது செய்யப்பட்டிருக்கிறாய், ஆனால் வேலைக்குப் போகலாம் என்கிறார்கள். ஐரோப்பாவில் இதற்குக் கடவுள், குற்ற உணர்வு, மனச்சாட்சி என்று ஏராளமான விளக்கம் எழுதியிருக்கிறார்கள். ஏ.வி. தனுஷ்கோடி நேராக ஜெர்மனிலிருந்து மொழிபெயர்த்து க்ரியா வெளியிட்ட தமிழ்ப் பதிப்பைக் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ வைத்து வாசிக்கிறவருக்கு அந்த விளக்கங்கள் அவ்வளவாகத் தேவைப்படாது. இலங்கையில் 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் முழுப் பெயரில் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்று இருக்கிறது. 1982இல் அது நிரந்தரமாக்கப்பட்டது. அதன் கீழ் குற்றப்பத்திரிகை இல்லாமலே பதினெட்டு மாதம்வரை தடுத்து வைக்கலாம் என்றிருந்து, 2022 திருத்தத்தில்தான் பன்னிரண்டாகியது. நாவலில் ஓவியர் தித்தோரெல்லி, க.வுக்கு மூன்று வகை விடுதலையை விளக்குவார்: உண்மையான விடுதலை, தோற்றத்துக்கு விடுதலை, இழுத்தடிப்பு. முதலாவது யாருக்கும் கிடைத்ததாக அவர் அறியவில்லை. பிராக்கில் அது உருவகம். இங்கே அதை வாசிக்கிற பல குடும்பங்கள் அடுத்த தவணை எப்போது என்று கேட்டுப் பழகியவை.

எங்கள் நகரத்தையே வைத்து எழுதப்பட்டதில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஷெஹான் கருணாதிலக்கவின் 'மாலி அல்மேதாவின் ஏழு நிலவுகள்', 2022இல் புக்கர் பரிசு பெற்ற ஆங்கில நாவல். கொலை செய்யப்பட்ட புகைப்படக்காரன் ஒருவன் செத்த பிறகு கண் விழிக்கிறான். இருப்பது ஓர் அலுவலகத்தில். கியூ, கவுண்டர், பாரம், கத்துகிற சனம். உடல் பேரை வாவிக்குள் கிடக்கிறது. ஏழு இரவுக்குள், ஒளித்து வைத்த படங்கள் இருக்கும் இடத்தை உயிரோடு இருப்பவர்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும். காலம் 1990ஐ ஒட்டியது. படங்களில் 1983 யூலையும் இருக்கிறது. செத்த பிறகும் கவுண்டர் என்பது வெளிநாட்டு வாசகருக்கு நல்ல பகிடி. ஆட்பதிவுத் திணைக்களத்திலும் கடவுச்சீட்டு அலுவலகத்திலும் காலையிலிருந்து நின்றவர்களுக்கு அது பகிடி மட்டுமில்லை. காணாமற்போனவரைத் தேடி அலுவலகம் அலுவலகமாகப் படத்தோடு அலைந்த தாய்மாருக்கு அது பகிடியே இல்லை. தேடப்படுகிறவனும் மறுபக்கத்தில் ஒரு கியூவில்தான் நிற்கிறான் என்கிறது நாவல்.

இந்தப் புத்தகம் முதலில் 2020இல் இந்தியாவில் வேறு பெயரில் வந்தது. இலங்கை அரசியல் வெளி வாசகருக்குப் பிடிபடவில்லை என்பதால் திருத்தி, விளக்கங்கள் சேர்த்து மறுபடி வெளியிட்டார்கள். எழுத்தாளர் விட்ட பள்ளங்கள் சில வெளியாருக்கு வெறும் குழிகளாகத் தெரிந்திருக்கின்றன. கொழும்பு வாசகருக்கோ அவை கேட்காமலே நிரம்பிவிடும். உங்கள் நண்பர் மூன்றாம் நாள் புத்தகத்தைத் திருப்பித் தந்ததற்கும் இதே காரணம் இருக்கலாம். அவருக்கு ரசனை குறைவு என்று நினைக்காதீர்கள். அந்தப் பள்ளத்துக்குப் பொருந்துகிற மண் அவரிடம் இப்போதைக்கு இல்லை, அவ்வளவுதான். பத்து வருடம் கழித்து இருக்கக்கூடும்.

நீங்கள் சொன்ன பூனையும் மீனும் முரகாமியின் 'கடற்கரையில் காஃப்கா'வாகத்தான் இருக்க வேண்டும். 2002இல் அது வந்தபோது யப்பானியப் பதிப்பகம் வாசகர்களிடமிருந்து இணையம் வழியாகக் கேள்விகளை வாங்கியது. 8000க்கு மேல் வந்தன. சுமார் 1200க்கு முரகாமி தானே பதில் எழுதினார். ஆனால் விடையைச் சொல்லிவிடவில்லை. இந்த நாவலில் விடுகதைகள் இருக்கின்றன, விடைகள் வைக்கப்படவில்லை, அவை ஒன்றோடொன்று உரசும்போது ஒரு விடையின் சாத்தியம் உருவாகும், அது ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதே அவர் நிலைப்பாடு. நழுவல் மாதிரித் தெரியும். ஆனால் அந்தப் புத்தகத்தில் மழையாகக் கொட்டும் மீன் மத்தியும் கானாங்கெளுத்தியும் என்று இனம் சொல்லப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். மீன் எதுவென்று தெரியும், ஏன் என்று தெரியாது. மறுபடியும் அதே இலக்கணம்.

மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு பரிசோதனையைச் சொல்வார்கள். டிராவிஸ் புரூ, ஸ்டீவன் ஹெய்ன் என்ற இரு உளவியலாளர்கள் 2009இல் வெளியிட்டது. காஃப்காவின் ஒரு சிறுகதையைத் தழுவிய குழப்பமான கதையை ஒரு குழுவுக்கும், அதையே ஒழுங்குபடுத்தி அர்த்தமாக்கிய கதையை இன்னொரு குழுவுக்கும் வாசிக்கக் கொடுத்தார்கள். பிறகு வேறு வேலை: ஒழுங்கு ஒன்று மறைந்திருக்கும் எழுத்து வரிசைகளில் அந்த ஒழுங்கைக் கண்டுபிடிக்க வேண்டும். குழப்பமான கதையை வாசித்தவர்கள் அதிகமான வரிசைகளைக் குறித்தார்கள், கூடுதலாகச் சரியாகவும் குறித்தார்கள். அர்த்தம் ஓரிடத்தில் உடைந்தால் மனம் இன்னோரிடத்தில் தீவிரமாக ஒழுங்கு தேடத் தொடங்குகிறது என்பது அவர்கள் வாதம். ஒரு பரிசோதனையை வைத்துப் பெரிய கோட்டை கட்ட வேண்டாம். ஆனாலும் இப்படியான நாவலை மூடி வைத்த பிறகு பஸ்ஸில் போகும்போதும் எல்லாவற்றிலும் ஏதோ தொடர்பு தெரிகிற அந்த ஒன்றிரண்டு நாளுக்கு இது ஓரளவு பொருந்தி வருகிறது. அந்த நாட்களில் உங்கள் வாழ்க்கையும் கண்ணில் படுகிற பொருள்தானே. புத்தகத்தோடு அதுவும் கோர்த்துக்கொள்ளும்.

இனி, உங்களுக்குப் பிடித்த நாவலை இப்படிப் பிரித்துப் பார்ப்பது எப்படி என்று. ஒரு சீஆர் கொப்பியும் பென்சிலும் போதும். முதல் வாசிப்பில் எதையும் குறிக்காதீர்கள். குறித்தால் விடுகதை அவிழ்க்கிற புத்தி வந்துவிடும், கதை ஓடிவிடும். முடித்து ஒரு வாரம் விடுங்கள். பிறகு புத்தகத்தைத் திறக்காமல் நினைவில் நிற்கிற காட்சிகளை எழுதுங்கள். ஐந்தாறு வரும். ஒரு காட்சியாவது நீங்கள் எதிர்பார்க்காததாக இருக்கும், கதைக்கு முக்கியமே இல்லாத ஏதோ ஒரு யன்னல், ஒரு கதிரை. அதுதான் கவனிக்க வேண்டியது. இப்போது புத்தகத்தைத் திறந்து அந்த இடங்களைச் சரிபாருங்கள். நினைவில் இருந்ததற்கும் அச்சில் இருப்பதற்கும் வித்தியாசம் இருக்கும். எங்கே நீங்கள் கூட்டியிருக்கிறீர்களோ அங்கே உங்களுடைய மண் கிடக்கிறது. அச்சில் மழையே இல்லை, உங்கள் நினைவில் மழை பெய்கிறது என்றால் அந்த மழை உங்களுடையது. கொப்பியில் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் புத்தகத்தில் உள்ளது, வலப்பக்கம் நான் சேர்த்தது என்று எழுதினால் கேட்ட கேள்விக்கு உங்கள் கையாலேயே விடை வந்துவிடும். அப்பிள் சோதனையை இடப்பக்கத்தில் உள்ளவற்றுக்குச் செய்யுங்கள்.

வழமையாகப் பிழைக்கிற இடங்கள் சில. பெரிய பிழை, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சாவி தேடுவது. பூனை என்றால் ஆழ்மனம், கிணறு என்றால் கருப்பை என்று அகராதி போட்டால் நாவல் அடையாள அட்டை மாதிரித் தட்டையாகிவிடும். பூனை முதலில் பூனைதான். அது பசியோடு இருக்கிறதா, என்ன தின்கிறது என்று பார்த்தாலே பாதி தூரம் வந்துவிடலாம். அடுத்தது எழுத்தாளரின் வாழ்க்கையை வைத்துப் பள்ளத்தை மூடுவது: "காஃப்காவுக்கும் தகப்பனுக்கும் ஒத்துவராது, அவ்வளவுதான் கதை." தகவல் சரி. ஆனால் அது அவருடைய மண். அதைக் கொட்டி மூடிவிட்டால் நீங்கள் நிற்க இடமில்லை. இதற்கு மறுகோடியில், எல்லாமே நான்தான் என்று மற்றப் பாத்திரங்களைக் காணாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு முறை கிரெகோராக வாசித்தால் மறுமுறை தங்கச்சியாக வாசிக்க வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளை வேலைக்கும் போய், ஓர் அறையையும் துப்புரவாக்கி, எவ்வளவு நாள் தாக்குப்பிடிப்பாள் என்று அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அவள் 'அது' என்று சொன்ன இரவு வேறு மாதிரி விளங்கும். வீட்டில் நீண்டகால நோயாளியைப் பராமரித்தவர்கள் பலருக்கு இந்த இரண்டாவது வாசிப்புத்தான் தாங்க முடியாததாக இருக்கும்.

சில புத்தகங்கள் உண்மையிலேயே வெறும் புகைதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கண்டுபிடிக்க எளிது. காரணத்தை மறைக்கலாம், விளைவை மறைக்கக்கூடாது. கிரெகோர் சுவரில் ஊர்ந்தால் பசை ஒட்டுகிறது. பாண் துண்டு மிதக்கிற பால் முன்பு பிடித்தது, இப்போது குமட்டுகிறது, பழசான காய்கறி இறங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் பின்விளைவு உண்டு, அது அடுத்த பக்கத்திலும் ஞாபகம் இருக்கிறது. ஒரு நாவலில் இரண்டாம் அத்தியாயத்தில் ஒருவனுக்குச் செட்டை முளைத்து, ஐந்தாம் அத்தியாயத்தில் அவன் சாதாரணமாகச் சட்டை போட்டுக்கொண்டு போனால், எழுதியவரே அந்தச் செட்டையை நம்பவில்லை. தமிழிலும் இப்படி வந்தவை உண்டு. பெயர் சொல்லிச் சண்டைக்குப் போகிற இடம் இது இல்லை.

நண்பருக்கு மறுபடி கொடுக்க நினைத்தால் முழுப் புத்தகத்தையும் கொடுக்காதீர்கள். உங்களை இப்படித் தொட்டது என்றும் சொல்லாதீர்கள். சொன்னால் உங்கள் மண்ணால் அவருடைய பள்ளத்தை நீங்களே நிரப்பிவிடுவீர்கள். தேநீர் இடைவேளையில் வாசிக்கக்கூடிய மூன்று நான்கு பக்கமாக ஒரு காட்சியை மட்டும் காட்டுங்கள். முரகாமி என்றால் கிழவர் பூனையோடு கதைக்கிற முதல் சந்திப்பு, காஃப்கா என்றால் ரயில் நேரம் வருகிற பக்கங்கள். இந்தப் பூனைக்கு என்ன வயதிருக்கும், அந்த வீட்டில் எத்தனை கதவு என்று ஏதாவது சின்னதாகக் கேளுங்கள். அவர் பதில் சொல்வதற்குப் பதிலாக "பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டால் மிச்சத்தைக் கொடுக்கலாம். கேட்காவிட்டால் புத்தகம் உங்கள் அலுமாரியிலேயே இருக்கட்டும்.